லிஃப்ட்காரர் மலையேறிய ஞாயிறு

இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் பழுது பார்த்தே குடும்பம் நடத்தி வருபவர் என்பதால், சொந்தபந்தம் முழுக்க அவரை லிஃப்ட்காரர் என்றே சொல்லும். மாடிப்படி என்றாலே அவருக்கு ஆகாது. ரிப்பேருக்குப் போன இடத்தில் படியேற நேர்ந்தால் அதைத் தன் தொழிலுக்கே வந்த அவமானமாக எடுத்துக்கொள்வார். மாடிக்கு மாடி நின்று, சுவரில் விரிசல் பார்ப்பதுபோல் பாவனை செய்து மூச்சு வாங்கிக்கொள்வார். வாடகைக்கு வீடு பார்த்தபோதும் தரைத்தளம்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். விளைவு, சட்டையின் நான்காவது பொத்தான் அவர் வயிற்றோடு தினமும் மல்லுக்கட்டியது.

மனைவியின் அண்ணன் நேர் எதிர். வங்கி மேலாளர். கடைசி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், நகரம் முடிகிற இடத்தில் நிற்கும் மொட்டைக் கருங்கல் மலையில் ஞாயிறு தவறாமல் ஏறுவதாகச் சொல்பவர். மலையோடு அவர் நிற்கும் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாராவாரம் வந்து விழும்.

"மாப்பிள்ளை, ஒரு தடவை ஏறிப் பாருங்க. உடம்பு பஞ்சு மாதிரி ஆயிடும்" என்பார்.

"மனுஷன் ஏறக் கூடாதுன்னுதானே மச்சான் நாங்க ராப்பகலா வேலை பாக்கறோம்" என்று லிஃப்ட்காரர் நழுவிவிடுவார்.

ஆறு மாதம் இப்படி ஓடியது. "எங்க அண்ணன் சொல்லி என்னைக்காவது ஒரு காரியம் செஞ்சிருக்கீங்களா?" என்று மனைவி ஆரம்பித்ததும் வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிறு காலை ஆறரைக்குக் கணவனும் மனைவியும் மலையடியில் போய் நின்றார்கள். ஏழு மணியாகியும் அண்ணனைக் காணவில்லை. வராமலே போய்விட்டால் நன்றாயிருக்கும் என்று லிஃப்ட்காரர் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது.

"மாப்... லிஃப்ட்... அஞ்சாவது..." என்று அண்ணன் குரல் துண்டு துண்டாக வந்து அறுந்தது. மலை மறைத்ததால் அங்கே சிக்னல் இல்லை. லிஃப்ட்காரர் செல்போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பாறையில் வெட்டியிருந்த படிகளில் பத்து ஏறினார். குரல் தெளிந்தது.

"மாப்பிள்ளை, எங்க பில்டிங் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல தொங்கறேன்."

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் தொழில் என்று வந்தால் அவர் வேறு ஆள். அது கம்பிக்கதவு போட்ட பழைய லிஃப்ட். ஏதாவது ஒரு மாடியில் வெளிக்கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தாலும் அது நகராது. "பதறாதீங்க. வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஒவ்வொரு மாடியா கதவைப் பாக்கச் சொல்லுங்க. அவர் சொல்றதை எனக்குச் சொல்லுங்க."

வாட்ச்மேனுக்கு முழங்கால் வலி. அவர் கீழேயிருந்து ஏறத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து இங்கே சிக்னல் போனது. லிஃப்ட்காரர் இன்னும் இருபது படி ஏறினார்.

"முதல் மாடி சரியா இருக்காம், மாப்பிள்ளை."

மறுபடியும் சத்தமில்லை. படிகள் முடிந்து சரிவான பாறை வந்தது. இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் மேலே போனார். பின்னால் தண்ணீர் பாட்டிலோடு மனைவி ஓடிவந்தாள்.

"என்னங்க, தனியா எங்க போறீங்க?"

"உங்க அண்ணனைக் காப்பாத்தப் போறேன்" என்றார் திரும்பாமலே.

அங்கே வாட்ச்மேன் ஒரு மாடி, இங்கே இவர் ஒரு பாறை என்று இருவரும் போட்டி போட்டுக்கொண்டு ஏறினார்கள். வாட்ச்மேன் நாலாவது மாடியில் உட்கார்ந்துவிட்டதாகத் தகவல் வந்ததும் லிஃப்ட்காரரும் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டார். ஓய்வு என்றால் எல்லோருக்கும் பொது. ஏழாவது மாடி பார்த்தாயிற்று என்ற செய்தி வந்தபோது அவருக்கு முன்னால் வானம் மட்டுமே இருந்தது. ஏறுவதற்கு மலை மிச்சமில்லை.

"மச்சான், நான் உச்சிக்கே வந்துட்டேன்" என்றார், தாமே நம்பாமல்.

"அப்படியா? அங்க ஒரு பெஞ்ச் இருக்கும் பாருங்க, காத்து பிச்சிக்கும். நான் எப்பவும் அதுலதான் உக்காருவேன்."

லிஃப்ட்காரர் சுற்றிலும் பார்த்தார். வழுக்கைப் பாறை, மழைத் தண்ணீர் தேங்கிய ஒரு குழி, சாய்ந்த இரும்புக் கம்பம் ஒன்று. பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டார். "பெஞ்சா? பதினஞ்சு வருஷமா வரேன், இங்க ஏதுங்க பெஞ்ச்?" என்றார் அவர்.

"மச்சான், பெஞ்ச் எங்க இருக்கு?"

"லைன் சரியில்ல மாப்பிள்ளை" என்றார் அண்ணன். அவர் எச்சில் விழுங்கும் சத்தம் உட்பட எல்லாம் துல்லியமாகக் கேட்டது. மனைவி காதிலும் விழுந்தது. பாட்டிலைத் திறந்து கணவருக்கு முதலில் கொடுத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அண்ணன் பேச்சு வந்த இடத்தில் கணவர் பக்கம் தராசு சாய்ந்தது அன்றுதான்.

அண்ணன் குடியிருக்கும் எட்டாவது மாடியில் குற்றவாளி அகப்பட்டது. அண்ணன் மறந்து வைத்துப்போன மலையேற்றக் கைத்தடியைக் கொடுக்க அண்ணி ஓடிவந்து வெளிக்கதவை இழுத்திருக்கிறாள். லிஃப்ட் போய்விட்டதென்று திரும்பிவிட்டாள். கதவு அரை விரல் விலகி நின்றிருக்கிறது. வாட்ச்மேன் அதைத் தள்ளிச் சாத்தினார். லிஃப்ட் இறங்கியது.

இவர்கள் கீழே வந்து சேர்ந்தபோது அண்ணன் இம்முறை மறக்காமல் வாங்கிவந்த கைத்தடியும் தொப்பியுமாக நின்றுகொண்டிருந்தார். "வெயில் ஏறிடுச்சு. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார்.

"நாங்க இங்கேயே உக்காந்திருக்கோம். நீங்க பழகினவங்கதானே, ஓடிப் போயிட்டு வாங்கண்ணா" என்றாள் தங்கை, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

அண்ணன் ஏறினார். முதல் திருப்பம் வரை அவர் தொப்பி தெரிந்தது. அதன்பின் ஒரு மணி நேரம் அதே இடத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் அசையாமல் தெரிந்தது. திரும்பி வந்தவரிடம் லிஃப்ட்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவருடைய கார் கதவை மட்டும் மரியாதையாகத் திறந்துவிட்டார்.

மறுநாள் லிஃப்ட்காரருக்குத் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட்டுக்கு அடியிலுள்ள குழியில் அவர் இறங்க வேண்டியிருந்தது. மொத்தம் ஐந்து படி ஏணி. ஒவ்வொன்றுக்கும் ஒரு முனகல் வீதம் இறங்கினார்.

"என்ன சார், காலுக்கு என்ன ஆச்சு?" என்று மேலேயிருந்து எட்டிப்பார்த்தார் வரவேற்பறைப் பெண்.

"மலையேற்றம்" என்றார் லிஃப்ட்காரர், குழிக்குள்ளிருந்து, நெஞ்சை நிமிர்த்தி.