யானைக் குரூப்பிலிருந்து விலகியவள்

ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குள் போக வேண்டுமென்றால் வாசலிலேயே போனைக் கொடுத்துவிட வேண்டும். செக்யூரிட்டி அண்ணன் அதை ஒரு துணிப்பையில் போட்டு, நம்பர் எழுதிய தட்டில் வைத்துவிடுவார். முதல் வாரம் ஒரு கை குறைந்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் விசித்திரம் பிடிபட்டது: போன் இல்லாத அந்த எட்டு மணி நேரமும் நான் நன்றாகத்தான் இருந்தேன். சர்க்யூட் போர்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, பக்கத்து டேபிள்காரியோடு சிரித்துக்கொண்டு. சாயங்காலம் போனை வாங்கி, கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இன்ஸ்டாகிராமைத் திறந்தால் பத்தே நிமிடம், முகம் தொங்கிவிடும். கூடப் படித்தவள் ஒருத்தி ஜெர்மனியில் பனியை அள்ளி வீசுகிறாள். இன்னொருத்திக்கு நிச்சயதார்த்தம், சொந்த வீடு, நாய்க்குட்டி. எனக்குப் பத்துக்குப் பத்து ரூம்.

தெற்கே என் சொந்த ஊரான உடன்குடியில் இருந்தவரை இப்படி இல்லை. எவளாவது புதுச் சுடிதாரில் படம் போட்டால், அன்றைக்கே கடைத்தெருவில் மறித்து, "ஏட்டி, அது உங்க அக்கா சுடிதார்லா?" என்று கேட்டுவிடலாம். படமும் ஆளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். இங்கே வந்தபின் ஆள் போய்விட்டது, படம் மட்டும் மிச்சம். நானும் சளைத்தவளில்லை. குளிரில் மூக்கு ஒழுகிய நாளில்தான் "ஓசூர் கிளைமேட், சொர்க்கம்" என்று போட்டேன். தூக்கம் கெட்டது, சோறு இறங்கவில்லை. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று வாரக்கணக்கில் யோசித்தேன்.

எதையும் பாதியாகச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து, இன்ஸ்டாகிராமில் தொடங்கி எல்லாவற்றையும் அழித்தேன். வாட்ஸ்அப்பில் காலேஜ் குரூப், சொந்தக்காரர் குரூப் என்று வரிசையாக வெளியேறி, கடைசியாக யானைக் குரூப்பிலிருந்தும் வெளியேறி, அந்த ஆப்பையும் தூக்கினேன். அப்பாடா!

யானைக் குரூப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் குடியிருப்பது சானமாவுக் காட்டை ஒட்டிய கிராமம். வீட்டுக்கார முனிரத்னா அக்கா வீட்டுக்குள் தெலுங்கு, தக்காளி வாங்க வரும் வியாபாரியிடம் கன்னடம், என்னிடம் தமிழ் பேசுவார். வீடு பார்க்க வந்த அன்று சாவி கேட்டேன். "மொதல்ல நம்பர் சொல்லும்மா, குரூப்ல சேத்துடறேன். அப்புறம்தான் சாவி" என்றார். யானை எந்தப் பக்கம் நிற்கிறது, எத்தனை நிற்கிறது என்று மூன்று மொழியிலும் குரல் செய்தி வந்துகொண்டே இருக்கும். அதைக் கேட்டுத்தான் ஊர் தோட்டத்துக்குப் போகும், பைக்கை எடுக்கும்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தால் என் ரூம் திறந்து கிடக்கிறது. ராயக்கோட்டைப் பக்கத்துப் புதுத் தம்பதி ஒன்று டேப் பிடித்துச் சுவரை அளந்துகொண்டிருந்தது. என் துணி மூட்டை இருந்த மூலையைக் காட்டி, "பீரோ இங்க நிக்கும்" என்கிறாள் அந்தப் பெண்.

வாசலில் முனிரத்னா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். "இன்னாம்மா, சொல்லாம கொள்ளாம கெளம்பறே? இன்னா கொறை வெச்சோம் ஒனக்கு?"

"நான் எங்கக்கா கெளம்புதேன்?"

"குரூப்ப வுட்டுப் போயிட்டியே! வூடு காலி பண்றவங்கதான் யானைக் குரூப்ப வுட்டுப் போவாங்க. ஊரே கேக்குது. நீ வேலைக்குப் போன நேரத்துல உங்கம்மா வேற எனக்கு மூணு தரம் போன் பண்ணிட்டாங்க, பொண்ணு வாட்ஸ்அப்ல காணோம்னு."

வாரக்கணக்கில் கிளம்பத் துடித்தவள்தானே நான்? ஆனால் என் மூலையில் வேறொருத்தியின் பீரோ நிற்பதை நினைக்கவே பொறுக்கவில்லை. "அளக்காதீங்க, நான் எங்கயும் போகல" என்று கத்தியேவிட்டேன். பிறகு அழுகையோடு எல்லாம் வந்தது. "மனசு சரியில்லக்கா. போனைத் திறந்தாலே எல்லாரும் முன்னால போற மாதிரி, நான் மட்டும் நிக்குற மாதிரி. அதான் மொத்தமா தூக்கிட்டேன்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "மனசு செரியில்லன்னா எங்கிட்ட சொல்லு, ஒக்காந்து பேசலாம். அதுக்கு யானை இன்னா பண்ணுச்சு?"

டேப் பிடித்திருந்த பெண்தான் முதலில் சிரித்தாள். பிறகு நான். பின் தெருவில் தன் கொழுந்தனார் வீட்டில் காலியாக இருந்த ரூமைக் காட்ட அக்கா தம்பதியைக் கூட்டிப்போனார். திரும்பி வந்து, எனக்கு ராகிக் களியைப் போட்டு வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பை மறுபடி ஏற்றச் சொல்லி என்னைக் குரூப்பில் சேர்த்தார். "உங்கம்மாவையும் சேத்துடறேன். பொண்ணு இருக்கற எடம் அவங்களுக்கும் தெரியட்டும்."

இன்ஸ்டாகிராம் இன்னும் வரவில்லை. வருமோ என்னவோ, சத்தியம் எதுவும் செய்யவில்லை. என்னைப் போலப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்கு ஒன்று சொல்வேன்: யானைக் குரூப்பில் யாரும் யாருக்கும் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. பத்திரமா என்று மட்டும் கேட்கிறார்கள். இப்போது நன்றாகத் தூங்குகிறேன். இந்த ஊர்க்காரர்களைப் போலக் களியை மெல்லாமல் விழுங்கவும் பழகிவிட்டேன்.

போன வாரம் பஸ்ஸிலிருந்து நானே பார்த்தேன், சாலையோரம் மூன்று. உடனே குரூப்பில் என் முதல் குரல் செய்தியைப் போட்டேன்: "ஏய், அங்ஙன புளியமரத்துப் பக்கம் மூணு நிக்கி!" ஊரே என் தமிழைக் கேட்டுச் சிரித்தபடி கதவைச் சாத்தியது. நான் ரூமுக்குள் வந்ததும், அதைக் குரூப்பில் கேட்டுவிட்டு உடன்குடியிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"ஏட்டி, கதவச் சாத்திட்டியா?"

"சாத்திட்டேம்மா."

"நல்லது. நானும் இங்கன சாத்திட்டேன்."