இடது தோள்பட்டியின் வெள்ளைத் தையல்

உடம்பில் போட்டிருக்கும் துணியில் ஊசி வைக்க நேர்ந்தால், ரிம்மா அர்க்காதியெவ்னா முதலில் அந்த ஆளின் வாயில் ஒரு துண்டு நூலைக் கொடுப்பார். "பல்லுல கவ்விக்கோ" என்பார். கவ்விய பிறகுதான் ஊசி துணிக்குள் போகும். குளிர்கோட்டில் பித்தான் தைக்கச் சொல்லி வாசலில் நின்ற தபால்காரருக்கும் இதே கதிதான். போட்டிருக்கும் துணியைத் தைத்தால் உள்ளே இருப்பவரின் ஞாபகத்தையும் சேர்த்துத் தைத்துவிடுவோம், வாயில் நூல் இருந்தால் ஒன்றும் ஆகாது என்பது ரஷ்யாவின் பெர்ம் நகரத்தில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் இதைப் பாதி விளையாட்டாகச் செய்வார்கள். ரிம்மா காய்ச்சல் பார்க்கும் நர்ஸைப் போலச் செய்வார். கீழ்வீட்டு ஃபான்யா இருபது வருஷத்துக்கு மேல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறாள்.

ரிம்மா முதலில் நாடக அரங்கில் உடை தைக்கும் அறையில் இருந்தவர். சோவியத் நாடு உடைந்த பிறகு அங்கே சம்பளம் வருவது நின்றது. அந்தக் குளிர்காலத்தில் மேல்மாடியில் குடியிருந்த ஸ்கேட்டிங் பயிற்சியாளர், ஒரு சின்னப் பெண்ணுக்குப் போட்டிக்கு உடை வேண்டும், கடையில் துணியே இல்லை என்று வந்து நின்றார். ரிம்மா ஜன்னல் திரையைக் கழற்றினார். அதைச் சாயத்தில் முக்கி, கவுனாக வெட்டித் தைத்துக் கொடுத்தார். அடுத்த வாரமே வேறு அம்மாக்கள் கதவைத் தட்டினார்கள்.

நாடக மேடையில் உடையை ஒரு பக்கமிருந்துதான் பார்ப்பார்கள், அதுவும் தூரத்திலிருந்து. பனித்தளத்தில் அப்படியில்லை. நாலு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், பாவாடை பறக்கும்போது உள்பக்கமும் தெரியும். ரிம்மா தைத்த இரண்டாவது உடையில் பாவாடை நீளமாகிப்போய், சுழலும்போது அது பெண்ணின் முகத்தில் சுற்றிக்கொண்டது. கற்களைத் துணி தளர்ந்திருக்கும்போது ஒட்டினால், பெண் உடைக்குள் போய் மூச்சு இழுத்ததும் அவை பட்டாணி மாதிரி தெறிக்கும். தெறித்த கல் சறுக்குக் காலணியின் கத்தியில் மாட்டினால் ஆள் விழுவாள். உடையிலிருந்து எது கழன்று பனியில் விழுந்தாலும் நடுவர்கள் மதிப்பெண்ணில் கை வைப்பார்கள். அதனால் ரிம்மா கந்தல் துணியை அடைத்து ஒவ்வொரு பெண்ணின் அளவுக்கும் ஒரு பொம்மை செய்தார். அதன் மேல் உடையை இழுத்து மாட்டிய பிறகுதான் கல் ஒட்டுவது.

கல் ஒட்டுவது ஃபான்யாவின் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கையுறை தைக்கும் ஆலையில் இருந்தவள், அதிகம் பேசாதவள். பசையின் நெடிக்கு யாரும் வாயைத் திறக்க முடியாது என்பதால் அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. வெளியே பனி கொட்டும், ஜன்னல் திறந்திருக்கும், இருவரும் தொப்பி போட்டுக்கொண்டு வேலை செய்வார்கள். தோல் நிறத்து வலைத்துணியை ரிம்மா தேயிலையில்தான் சாயமேற்றுவார். பெண்ணை ஜன்னலோரம் நிறுத்தி, கையைத் திருப்பிப் பார்த்து, "இவளுக்கு லைட் டீ. மூணாவது தடவ வடிச்சது" என்பார்.

பெண்கள் வளர்ந்துவிடுவார்கள். உடை சிறுத்துப்போகும். அதை இன்னொரு ஊர்ப் பெண்ணுக்கு விற்பார்கள், அவள் அளவுக்கு வெட்டித் தைக்க உடை மறுபடியும் ரிம்மாவிடம் வரும். அப்படி வெட்டியதில் மிஞ்சியதை அவர் எறிந்ததேயில்லை. கைப்பகுதிகள், கழுத்துப் பட்டைகள், அரைப் பாவாடைகள் எல்லாம் கட்டிலுக்குக் கீழே பெட்டிகளில் கிடந்தன.

"இந்தக் குப்பையெல்லாம் எதுக்கு?" என்று ஃபான்யா ஒருமுறை கேட்டாள்.

"முழு டிரெஸ்ஸ அம்மாக்காரி வித்துடறா. கையாவது என்கிட்ட இருக்கட்டும். கையப் பார்த்தா ஆளு ஞாபகம் வருது."

பிறகு உல்யானாவின் விஷயம் நடந்தது.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. மாநிலப் போட்டி, கரும்பச்சை உடை. பனித்தளத்துக்குப் போகும் நடையில் அவள் கைகளை உயர்த்திச் சோம்பல் முறித்தபோது, இடது தோள்பட்டி முதுகுப் பக்கம் விட்டுப்போனது. அதற்குள் அவள் பெயரை அறிவித்துவிட்டார்கள். ரிம்மாவின் ஊசியில் இருந்தது வெள்ளை நூல். மாற்ற நேரமில்லை. ஃபான்யா பட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டாள், ரிம்மா தைத்து முடிச்சுப் போட்டார், பெண் ஓடினாள்.

பாதி ஆட்டம் நன்றாகவே போனது. பிறகு உல்யானா நின்றாள். விழவில்லை, வழுக்கவில்லை. கைகளைத் தொங்கவிட்டு, எதையோ தொலைத்தவள் மாதிரி கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். இசை மட்டும் தனியாக ஓடி முடிந்தது.

அவள் அம்மா தமாரா நேராக ரிம்மாவிடம் வந்தாள். மகளின் தோளில் வெள்ளைத் தையல் எல்லோருக்கும் தெரிந்தது.

"அவ மேலயே தெச்சியா?"

"தெச்சேன்."

"வாயில நூல் குடுத்தியா?"

ரிம்மா ஃபான்யாவைப் பார்த்தார். ஃபான்யா தரையைப் பார்த்தாள்.

"இல்ல," என்றார் ரிம்மா. "மறந்துட்டேன்."

"என் பொண்ணு தலையையே தெச்சு வெச்சிட்டியேடி, பாவி!" என்று தமாரா கத்தினாள். பக்கத்தில் நின்ற அம்மாக்கள் தங்கள் பெண்களைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் ரிம்மா தைத்திருக்க மாட்டார், ஏனென்றால் தமாரா சொன்னதை அவரும் நம்பினார். பொம்மைகளைப் பரணில் ஏற்றினார். அக்கம்பக்கத்தாருக்குத் திரைச்சீலை தைத்தார், கால்சட்டை ஓரம் மடித்தார். ஃபான்யா ஆலைக்குத் திரும்பிப் போனாள். மாலையில் டீ குடிக்க மேலே வருவாள்.

இரண்டு வருஷம் கழித்து உல்யானாவே வந்து கதவைத் தட்டினாள். இப்போது தனியாக ஆடவில்லை, ஒரு நெட்டைப் பையனோடு ஜோடியாக ஆடுகிறாளாம். வசந்தகாலப் போட்டிக்கு உடை வேண்டுமாம்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாங்க."

"உன் மேல நான் ஊசி வெக்க மாட்டேன், கண்ணு."

"என் மேல வெக்காதீங்க. துணி மேல வைங்க."

ரிம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கேட்டார்: "இன்னும் நடுவுல நின்னுடறியா?"

"சில நாளு. ரெண்டாவது பாதி ஆரம்பிக்கறப்போ. அவன் கையப் பிடிச்சு இழுத்தாத்தான் நகருவேன். இந்தப் போட்டியிலயும் நின்னா ஜோடியப் பிரிச்சிடுவோம்னு பயிற்சியாளர் சொல்லிட்டாரு."

"அந்தப் பச்ச டிரெஸ் எங்க?"

"அம்மா அப்பவே வித்துட்டாங்க. இஷேவ்ஸ்க்குல யாருக்கோ."

"தோள்பட்டியோடவா?"

"அப்படியேதான்."

ரிம்மா எழுந்துபோய் அடுப்பில் கெட்டிலை வைத்தார். தையல் இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கிறது என்பது ஃபான்யாவுக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது.

உடையைத் தேடும் வேலை தொலைபேசியில் நடந்தது. இஷேவ்ஸ்க் அம்மா அதைச் சாரபுலுக்கு விற்றிருந்தாள். சாரபுல் அம்மா முதலில் இது ஏதோ ஏமாற்று வேலை என்று தொலைபேசியை வைத்துவிட்டாள், பிறகு அவளே கூப்பிட்டுச் சொன்னாள்: கிளாஸவ் ஊரில் வெனேரா என்று ஒருத்தி, அவள் மகள் மிலானா போடுகிறாள்.

பயணம் நல்லபடியாக அமைய, கிளம்பும் முன் அந்த ஊர் வழக்கப்படி ரிம்மாவும் ஃபான்யாவும் கோட்டைப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்தார்கள். ரயிலில் ரிம்மா பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே கறி வைத்துப் பொரித்த சின்னப் பணியாரங்கள். கடித்தால் சாறு எதிரில் இருப்பவர் மேல் பீய்ச்சும். பீய்ச்சியது. எதிரில் இருந்த ராணுவக்காரர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

கிளாஸவ் பனித்தளத்தில் மிலானா பயிற்சியில் இருந்தாள். பத்து வயதுக் குழந்தை, உடையின் பக்கங்களை மடித்துத்தான் அவள் அளவுக்குச் சுருக்கியிருந்தார்கள். வெனேரா மடியில் உடைப் பையை வைத்துக்கொண்டு, சூரியகாந்தி விதை கொறித்தபடி பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ரிம்மா தான் யார் என்று சொல்லி, தோள்பட்டியைக் கொஞ்சம் பிரித்துத் தைக்க வேண்டும் என்றார்.

வெனேரா பையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "ஊசியா? தொடவே கூடாது. ஞாயித்துக்கிழமை போட்டி. போன தடவ இதப் போட்டுத்தான் முதல்ல வந்தா. நான் துவைக்கக்கூட இல்ல."

"தெரியுது," என்றார் ரிம்மா. "வாசம் வாசலுக்கே வருது."

"ஜெயிச்ச டிரெஸ்ஸத் துவைப்பாங்களா யாராவது? நீங்களும் இந்தத் தொழில்ல இருக்கறவங்கதானே!"

ரிம்மாவும் துவைக்க விட்டிருக்க மாட்டார். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொன்னார். நடை, அறிவிப்பு, வெள்ளை நூல், மறந்தது எல்லாவற்றையும். வெனேரா சிரிக்கவில்லை. விதை கொறிப்பதை நிறுத்தினாள்.

"அந்தப் பொண்ணு இன்னும் நிக்கறாளா?"

"நிக்கறா."

"ஐயோ." பையைத் திறந்து தோள்பட்டியைப் பார்த்துவிட்டு, "எங்க பொண்ணோட அதிர்ஷ்டமும் அதே தையல்ல இருந்துட்டா?" என்றாள்.

இதுவும் நியாயமான கேள்வியாகவே மூவருக்கும் பட்டது.

"அதே ஓட்டையில, அதே வெள்ளை நூலால திருப்பித் தெச்சுத் தரேன்," என்றார் ரிம்மா. "நூல்கண்டு கூட மாறல. கொண்டுவந்திருக்கேன்."

பயிற்சி முடிந்து வந்த மிலானாவிடம் வெனேரா விஷயத்தைச் சொன்னாள். குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டது.

"எனக்கும் வாயில நூல் வேணும்."

"நீ இப்ப டிரெஸ்ஸுக்குள்ள இல்லையே, செல்லம்," என்றார் ரிம்மா.

"இருந்தாலும் வேணும். அம்மாவுக்கும்."

ரிம்மா நூலைத் துண்டு துண்டாக அறுத்தார். மிலானா, வெனேரா, ஃபான்யா மூவருக்கும் கொடுத்துவிட்டுத் தானும் ஒன்றைக் கவ்விக்கொண்டார். பிறகு சின்னக் கத்தரியால் பழைய தையலை ஒவ்வொன்றாக வெட்டி, நூலை உருவி எடுத்தார். பனித்தளத்தைச் செதுக்கிச் சமமாக்கிக்கொண்டிருந்த வண்டிக்காரன் மேலே நிமிர்ந்து பார்த்தான். நாலு பெண்கள் வாயை மூடிக்கொண்டு ஒரு பச்சை உடையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உருவிய நூலை ரிம்மா காகிதத்தில் மடித்துக்கொண்டார். திருப்பித் தைத்தது முன்பைவிட நேராக வந்தது. அதைக் கொஞ்சம் கோணலாக்கும்படி வெனேரா சைகை காட்டினாள். ரிம்மா பிரித்துக் கோணலாகத் தைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மிலானா நாலாவதாக வந்தாள். அன்று மாலை வெனேரா தொலைபேசியில் ரிம்மாவைத் திட்டித் தீர்த்தாள். ரிம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "சரிதான்" என்றார்.

உல்யானாவுக்கு ரிம்மா சாம்பல் நீலத்தில் உடை தைத்தார். ஜோடி ஆட்டத்துக்கு அவர் தைப்பது அதுதான் முதல்முறை. பையனை வரவழைத்து, அவளைத் தூக்கும் ஒவ்வொரு பிடியையும் பிடிக்கச் சொல்லி, அவன் உள்ளங்கை படும் இடங்களில் சோப்பால் கோடு போட்டார். இடுப்பில் இரண்டு, விலாவில் ஒன்று. அந்த இடங்களில் கல் வைத்தால் கை வழுக்கும். ஃபான்யா கோட்டுக்கு வெளியே மட்டும் ஒட்டினாள். தோள்பட்டி இரட்டைத் தையல். போட்டியன்று ஊசியை வெளியே எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

உல்யானா அன்று எங்கும் நிற்கவில்லை. இரண்டாவது பாதி தொடங்கும்போது பையன் பழக்கத்தில் அவள் கையை இழுத்தான். அவள் ஏற்கெனவே நகர்ந்துவிட்டதால் அவன்தான் தடுமாறினான். ஆறாவது இடம். ஜோடியைப் பிரிக்கவில்லை. தையல் பிரிந்ததால்தானா, இரண்டு வயது கூடியதாலா என்று ஃபான்யாவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

அம்மாக்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். தமாரா வரவில்லை, ஆனால் தன் அக்கா மகளை அனுப்பிவைத்தாள். ரிம்மா மேலும் பல வருஷம் தைத்தார், பெரும்பாலும் ஜோடிகளுக்கு. கண்புரை வந்த பிறகு கருப்புத் துணியில் தைப்பதை நிறுத்தினார், பிறகு எல்லாவற்றையும் நிறுத்தினார்.

இப்போது அவர் யெகத்தரின்பூர்கில் மகன் வீட்டில் இருக்கிறார். அங்கே அவருக்கு ஒரு அறை. பெர்ம் நகர அருங்காட்சியகம் முழு உடைகள் சிலவற்றை வாங்கிக்கொண்டது, தனிக் கைகளும் கழுத்துப் பட்டைகளும் வேண்டாம் என்றுவிட்டது. அந்தப் பெட்டிகளும் கந்தல் பொம்மைகளும் ஃபான்யாவின் வீட்டில் இருக்கின்றன. உல்யானா பல் மருத்துவராக இருக்கிறாள். பச்சை உடை கிளாஸவைத் தாண்டி எந்த ஊருக்குப் போனது என்று தெரியவில்லை. பனித்தளத்துப் பிள்ளைகளுக்கு ஃபான்யாதான் தைக்கிறாள். கற்களை ஒட்ட ஒரு ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள்.