கடவுளுக்குக் கொடுத்த ஐந்து நிமிடம்

செஞ்சியில் மல்லிநாதன் என்று விசாரித்தால் எந்த மல்லிநாதன் என்பார்கள். மைக் நயினார் என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் மரத்தில் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டியவர் அவர்தான். கட்சிக்கூட்டம், திரௌபதி அம்மன் திருவிழா, கிறிஸ்தவர்களின் ஜெபக்கூட்டம், சாமி இல்லை என்கிற கருப்புச்சட்டைக்காரர்களின் கூட்டம், எல்லாவற்றுக்கும் ஒரே வாடகை, ஒரே சத்தம். நயினார் யார் பக்கமும் சாயமாட்டார் என்ற பேர்தான் அவருக்கு இருந்த ஒரே சொத்து. இத்தனை வருஷத்தில் மைக்கில் அவர் பேசியது "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்பது மட்டும்தான். நாலு என்றுகூடச் சொன்னதில்லை, மகராசன்.

அவர் ஜைனர். அதனால் இரண்டு பக்கமும் அவரை இழுத்துப் பார்த்தது. கருப்புச்சட்டைக்காரர்களுக்குத் தலைவன் சைக்கிள் கடை தனகோட்டி. "உங்க மதத்துல உலகத்தப் படைச்ச சாமியே கெடையாதாமே நயினாரே, எங்க பக்கம் வாங்க" என்பான். ஜெபக்கூட்டம் நடத்துகிற உபதேசியார் தேவசகாயம், "உங்க சமயத்துலயும் நரகம் இருக்குதுங்களே ஐயா, எங்க பக்கம்தான் நீங்க" என்பார். நயினார் ஒயரைச் சுற்றிக்கொண்டே, "எங்களத் தண்டிக்க யாரும் வரமாட்டாங்க. செஞ்சது நம்மகிட்டயே ஒட்டிக்கினு இருக்கும், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவார்.

அறுபத்து நாலாம் வருஷம் பங்குனி மாதம் சந்தைமேட்டில் தனகோட்டிக்கும் உபதேசியாருக்கும் வாதம் ஏற்பாடானது. தப்பு செய்கிறவனைக் கடவுள் தண்டிக்கிறாரா, அந்தப் பயம் போய்விட்டால் மனிதன் ஒழுங்காக இருப்பானா என்பது தலைப்பு. நாலு மணிக்கு ஆரம்பித்தார்கள். ஆறு மணி நெருங்கியும் முடிகிற வழியைக் காணோம். நயினாருக்கோ ஜைன நியமப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். இருட்டினால் பச்சைத் தண்ணீரோடு சரி. அதற்காக மனைவி நீலாஞ்சனா பொரி உருண்டை கட்டிக் கொடுத்திருந்தாள். அதை எங்கே வைத்தார்? ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள், பல்பு மாதிரி எரியும் வால்வுகளுக்குப் பக்கத்தில். புத்திசாலி!

மேடையில் தனகோட்டிக்கு ஆவேசம் வந்துவிட்டது. கைக்கடிகாரத்தைக் கழற்றித் தூக்கிக் காட்டினான். "உபதேசியாரே, உங்க கடவுளுக்கு அஞ்சு நிமிஷம் டைம் தரேன். நெசமா இருந்தா எம் பேச்ச நிறுத்தட்டும் பாக்கலாம்!"

சொல்லிவிட்டு விடாமல் பேசிக்கொண்டே போனான். ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கப் பார்த்தது. நயினாருக்கு அந்தக் கவலைதான். பெட்டியைத் திறந்தால், ஐயோ, வெல்லத்துக்கு வந்த எறும்புகள் உருண்டையை விட்டுவிட்டு வால்வு மேல் சாரிசாரியாக ஏறிக்கொண்டிருந்தன. வால்வோ அடுப்புக்கல் மாதிரி கொதிக்கிறது. தெரிந்தே ஓர் உயிர் சாவதா? அவர் கடவுளையும் நினைக்கவில்லை, தனகோட்டியையும் நினைக்கவில்லை. சட்டென்று ஸ்விட்சை அணைத்துவிட்டு, துண்டின் நுனியால் எறும்புகளைத் தட்டிவிட ஆரம்பித்தார்.

அப்போது நாலாவது நிமிஷம்.

குழாய் அடங்கியது. தனகோட்டி மறுபடி வாயைத் திறந்தான். பயத்திலோ என்னவோ தொண்டையிலிருந்தும் காற்றுதான் வந்தது. "ஸ்தோத்திரம்!" என்று உபதேசியார் பக்கம் ஒரு கூச்சல் எழுந்தது பாருங்கள், மலைக்கோட்டைக் குரங்குகள் மிரண்டிருக்கும். நயினார் திரும்ப ஸ்விட்சைப் போட்டு, வால்வு சூடேறிச் சத்தம் வருவதற்குள் கூட்டம் பாதி கலைந்துவிட்டது.

மறுநாளே கருப்புச்சட்டைக்காரர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள்: நயினார் மிஷன்காரர்களிடம் காசுக்குக் கைநீட்டிவிட்டார். திருவிழாக்காரர்கள் "இந்த வருஷம் பாக்கலாம்" என்று இழுத்தார்கள். நயினார் வீட்டில் புலம்பித் தீர்த்தார். நீலாஞ்சனா, "நடந்தத நடந்த மாதிரி சொல்லிட்டு வாங்களேன், இன்னா கொறஞ்சிடும்?" என்றாள்.

முதலில் சைக்கிள் கடைக்குப் போய்ச் சொன்னார். தனகோட்டிக்கு முகம் விழுந்துவிட்டது. அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "நயினாரே, உங்களக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், வெளிய சொல்லிடாதீங்க. மிஷன்காரன் சதின்னா ஒரு கௌரவம். கடவுளே அடிச்சார்னாகூட பரவால்ல. எறும்புக்குத் தோத்தவன்னு பேர் வந்தா நான் கடைய தெறக்க முடியுமா?"

உபதேசியாரிடம் போனார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் புன்னகை செய்தார். "எறும்புதான், ஒத்துக்கறேன். ஆனா அந்த நிமிஷம் பாத்து அத அனுப்புனது யாருங்க ஐயா?"

"பொரி உருண்டைங்க" என்றார் நயினார். உபதேசியார் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த சந்தை நாளில் நயினார் தம் செலவில் குழாய் கட்டினார். "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்றார். நிறுத்தவில்லை. நாக்கு குழற, பொரி உருண்டையிலிருந்து ஸ்விட்சுவரை எல்லாவற்றையும் சொன்னார். "தப்பு என்னுது. கூட்டத்த நிறுத்திச் சொல்லியிருக்கணும். யாருகிட்டயும் நான் காலணா வாங்கல."

சந்தை வயிறு வலிக்கச் சிரித்தது. சிரித்து முடித்ததும் தனகோட்டி ஆட்கள், "பாத்தியா, மிஷன்காரங்க நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார்கள். தேவசகாயத்தின் ஆட்கள், "நாஸ்திகன் மெரட்டிச் சொல்ல வெச்சிருக்கான்" என்றார்கள். ஆயுசுக்கும் ஒத்துப்போகாத இரண்டு கூட்டமும் நயினார் பொய் சொல்கிறார் என்பதில் மட்டும் கைகோத்துக்கொண்டன. எரிச்சலாக வருகிறதா இல்லையா?

ஆவணியில் மறுவாதம். மைக் செட் திண்டிவனத்திலிருந்து வந்தது. தலைப்பு, கடவுள் பயம் இல்லாதவன் உண்மை பேசுவானா என்பது. நயினாரைக் கூப்பிடவில்லை. அவர் வீட்டில் இலைமுன் உட்கார்ந்திருந்தார். சந்தைமேட்டுச் சத்தம் கூடத்துக்குள்ளேயே கேட்டது.

உபதேசியார் குரல் கணீரென்று வந்தது. "தண்டிக்க ஒருத்தர் இருக்கார்ங்கற பயம் இல்லாம, தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சே உண்மை பேசுன ஆளு இந்தச் செஞ்சியில ஒருத்தர், ஒரே ஒருத்தர், பேர சொல்லுங்க தனகோட்டி. அஞ்சு நிமிஷம் டைம் தரேன்!"

நயினாரின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. தனகோட்டிக்குத் தெரியும். அந்த ஒரு பேரைச் சொன்னால் போதும், வாதம் அவன் பக்கம். கூடவே எறும்புக் கதை நிஜம்தான் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு, மூன்று என்று போனது. குழாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

"கரண்ட் போயிடுச்சா?" என்றாள் நீலாஞ்சனா.

நயினார் காதைத் தீட்டினார். குழாயில் மெல்லிய உறுமல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பன்னிரண்டு வருஷத் தொழில், அவருக்கா தெரியாது?

"இல்ல, செட்டு ஓடிக்கினுதான் இருக்குது" என்றார். பொழுது இறங்குவதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டுமே என்று அடுத்த கவளத்தை எடுத்தார்.