இஸ்திரிக் கூடத்தின் நிறம்

என் அத்தானுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த அறையை விட்டு வெளியே வந்தாலும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் வருவார், உள்ளே ஆள் இருந்தாலும் சரி. அக்காவைக் கட்டிய புதிதில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், கை கழுவ எழுந்து போகிற போக்கில் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனார். நாங்கள் அத்தனை பேரும் இருட்டில் தட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளைக்குச் சிக்கன புத்தி என்று அப்பா பூசி மெழுகினார். மாப்பிள்ளைக்கு நாங்கள் கண்ணுக்கே தெரியவில்லை போலிருக்கிறது என்று நான் சத்தமாகவே சொன்னேன். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் வாய்ச்சண்டை. மச்சினி என்றால் அப்படித்தான் இருப்பாள் என்று அவரும் விட்டுவிட்டார்.

அவர் எலக்ட்ரீஷியன். படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் தைக்கிற தொழிற்சாலையில் வேலை. அக்காவும் நானும் அங்கேதான். நான் புதுக் கட்டடத்தில் பேக்கிங்கில் இருக்கிறேன். அக்கா பழைய கட்டடத்தில், இஸ்திரிக் கூடத்தில் இருந்தாள். வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒரு நீராவி இஸ்திரிப்பெட்டி, கோடியில் கரண்டில் ஓடுகிற ஒரு பாய்லர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு அதுதான் இடம். வீட்டில் கேட்டால்தான் பதில் சொல்கிறவள், அந்தக் கூடத்துக்குள் நுழைந்தால் வேறு ஆள். ஒருத்தியின் மாமியாரைப் போல நடித்துக் காட்டுவாள், மேனேஜர் நடக்கிற மாதிரி நடப்பாள், மடிப்பு ஒரு விரல்கடை பிசகினால் பிரித்து மறுபடி தேய்க்க வைப்பாள். எங்கள் அக்காவா இது என்று நானே வாசலில் நின்று வாயைப் பிளந்திருக்கிறேன்.

நிர்வாகம் கரண்டைக் குறைக்கக் கிளம்பியபோது ஒரு பெண் இன்ஜினீயரை வேலைக்கு எடுத்தார்கள். எனர்ஜி மேடம் என்போம். சின்ன வயது. யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசாதவர். அவரைத் திட்ட எனக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். ஒவ்வொரு கூடத்துக்கும் கரண்டு போகிற பேனலில், கேபிளைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு சென்சாரை மாட்டினார். புதுக் கட்டட வாசலில் ஒரு பெரிய டிவி வைத்தார். அதில் தொழிற்சாலை முழுவதையும் மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு மேப், கூடத்துக்கு ஒரு கட்டம். கொஞ்சமாகக் கரண்டு இழுத்தால் கட்டம் பச்சை, அதிகமானால் மஞ்சள், இன்னும் போனால் சிவப்பு. மெயினையே அணைத்துவிட்டால் சாம்பல் நிறம். அத்தானின் போனிலும் அதே மேப்பைப் போட்டுக் கொடுத்தார்.

அவ்வளவுதான், மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடம் சத்தத்தை வைத்தும் சூட்டை வைத்தும் தேடியதெல்லாம் இப்போது கையகலத்தில் வந்துவிட்டது. சாயப் பட்டறையில் விடுமுறை நாளிலும் வீணாக ஓடிய மோட்டாரைப் பிடித்தார். நிரம்பிய தொட்டிக்கு மறுபடி மறுபடி தண்ணீர் ஏற்றிய பம்பைப் பிடித்தார். மஞ்சளாக இருந்த கட்டம் பச்சையானால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எங்களிடம் போனை நீட்டுவார். இஸ்திரிக் கூடத்துப் பெண்கள் அவருக்கு ‘மேப்பு மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தார்கள். வைத்தது அக்காதான் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

எல்லாக் கட்டமும் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தது. இஸ்திரிக் கூடம் மட்டும் சிவப்பிலேயே நின்றது.

மேடம் அத்தானைத் தனியாகக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னார். வருட முடிவுக் கூட்டத்திலும் அந்தக் கட்டம் சிவப்பாக இருந்தால் கூடத்தை மூடிவிட்டு இஸ்திரி வேலையை வெளியே கொடுத்துவிடுவார்களாம். அத்தான் வீட்டுக்கு வந்து அதை அக்காவிடம் சொன்னபோது நானும் கூட இருந்தேன். கூடத்துப் பெண்களில் பாதிப்பேருக்கு முட்டி தேய்ந்துவிட்டது, நின்றே பழகிய கால்கள். புதிதாக எந்த வாசலில் போய் நின்றாலும் முகத்தைப் பார்த்தே அனுப்பிவிடுவார்கள். அதைவிட, அந்தக் கூடம் போனால் எங்கள் அக்காவின் வாய் மூடிவிடும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். சிவப்பைக் குறைக்க என்ன செய்யணும், சொல்லுங்க என்று மட்டும் கேட்டாள்.

அத்தான் செய்யாதது ஒன்றும் பாக்கியில்லை. நீராவிக் குழாய்களுக்கெல்லாம் கெட்டியாக உறை சுற்றினார். கசிவுகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி அடைத்தார். பாய்லரின் சூட்டைக் குறைத்தார். நிறம் மாறவில்லை. அக்கா தன் பங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். மேசைக்கு ஒருத்தி என்பதை மாற்றி, இரண்டு பேருக்கு ஒரு பெட்டி. ஒருத்தி தேய்க்க, ஒருத்தி மடிக்க, கை ஓய்ந்ததும் மாற்றிக்கொள்வது. பாதி மேசைகளை அணைத்துப் போட்டார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியதில் வேலை ஒரு துண்டுகூடக் குறையவில்லை. அப்படியும் நிறம் மாறவில்லை.

கடைசியில் ஏணியை வைத்து மின்விசிறிகளைக் கழற்றினார்.

நீராவி ஓடுகிற கூடத்தில் மின்விசிறி இல்லாமல் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும். பெண்கள் மேப்பு மாப்பிள்ளையை அவர் காதுபடவே கரித்துக்கொட்டினார்கள். நமக்காகத்தானே செய்கிறார், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அக்கா ஒவ்வொருத்தியிடமும் கெஞ்சினாள். கெஞ்சிக்கொண்டே இருந்தவள் ஒருநாள் மத்தியானம் மேசையடியிலேயே மயங்கி விழுந்தாள். கையிலிருந்த பெட்டி அவள் முன்கையில் பட்டுவிட்டது.

நான் மருத்துவ அறைக்கு ஓடியபோது அத்தான் கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தார். அக்கா கண் திறந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்.

"மெயின்ல ஏதாவது குறைஞ்சுதா? இன்னும் சிவப்பாத்தான் இருக்கா?"

அவர் போனை எடுத்துப் பார்த்தார். எனக்கு வந்ததே கோபம். "பொண்டாட்டி கை வெந்து கிடக்கு, நீங்க மேப்பைப் பாக்குறீங்களா அத்தான்? நீங்கல்லாம் மனுசன்தானா?" என்று கத்தினேன். நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னாள். அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு அக்காவின் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார்.

அடுத்து வந்த வார விடுமுறையன்று அவர் தனியாகத் தொழிற்சாலைக்குப் போனார். அன்றைக்கு அவசர ஆர்டருக்காகப் பக்கத்திலிருந்த கட்டிங் கூடம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இஸ்திரிக் கூடத்தில் ஈ காக்கை இல்லை. பாய்லர் ஜில்லென்று கிடந்தது. பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்திருக்கிறார், ஒன்றிலும் சூடு இல்லை. போனைத் திறந்தால் கூடம் மேப்பில் சிவப்பாக எரிகிறது.

பேனலின் பின்பக்கத்தைக் கழற்றினார். உள்ளே தடிமனாக ஒரு கேபிள், சுவரைத் துளைத்துக்கொண்டு கட்டிங் கூடத்துப் பக்கம் போகிறது. அதில் சாயம் போன ஒரு டேப். டேப்பில் ‘தற்காலிகம்’ என்று அவருடைய கையெழுத்திலேயே எழுதியிருந்தது. கட்டிங் கூடம் புதிதாகக் கட்டியபோது அதற்குத் தனி இணைப்பு வரத் தாமதமானது. அதுவரை ஓடட்டும் என்று இங்கிருந்து அவர்தான் இழுத்துக் கொடுத்தார். பிறகு கால் உடைந்து படுத்துவிட்டார். திரும்பி வந்தபோது எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது என்றார்கள், நம்பிவிட்டார். மெஷின்களைத்தான் புது இணைப்புக்கு மாற்றியிருந்தார்கள். அந்தக் கூடத்தின் பெரிய ஏசி மட்டும் அன்றிலிருந்து இஸ்திரிக் கூடத்துப் பேனலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன்கள் தற்காலிகம் என்று கட்டுவதற்கு ஆயுசு கெட்டி என்று அவரே முன்பு சொல்லிச் சிரித்திருக்கிறார். சென்சார் பாவம், வளையத்துக்குள் போனதையெல்லாம் இஸ்திரிக் கூடத்தின் தலையில் கட்டியது.

அவர் வீட்டுக்கு வந்தபோது சிரிப்பும் அழுகையுமாக இருந்தார். "சிவப்பு நம்மளுது இல்லம்மா. அவங்க ஏசியோடது. நீங்க எல்லாரும் எப்பவோ பச்சை" என்று அக்காவின் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் அவரையே நடித்துக் காட்டினாள், போனைக் கண்ணருகே வைத்துக்கொண்டு சுவரில் முட்டுகிற மாதிரி. மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் வீட்டில் நடித்துக் காட்டியது அதுதான் முதல் தடவை.

மேடம் விஷயத்தைக் கேட்டதும் கேபிளை மாற்றச் சொல்லிவிட்டார். அத்தானிடம் மன்னிப்பும் கேட்டார். மாற்றிய உடனே கட்டம் பச்சையானது. சாதாரணப் பச்சை இல்லை, மேப்பிலேயே அப்படி ஒரு இளம்பச்சை வேறெங்கும் இல்லை. பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் புதுக் கட்டட வாசலுக்குக் கூட்டமாக வந்து டிவியில் தங்கள் கூடத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அத்தான் மின்விசிறிகளைத் திரும்ப மாட்ட ஏணியோடு வந்தார். வேண்டாம் என்று தடுத்தது அக்கா. வருட முடிவுக் கூட்டம் முடிகிற வரைக்கும் இந்தப் பச்சை அப்படியே இருக்கட்டும், யாரும் ஒரு குறை சொல்லக் கூடாது என்றாள். அணைத்துப் போட்ட மேசைகளையும் அப்படியே விட்டார்கள். இத்தனை நாள் திட்டித் தீர்த்தவர்கள்கூட அதற்குச் சரி என்றார்கள். பட்டதெல்லாம் பட்டாயிற்று, நன்றாகவே ஜெயித்துக்காட்டுவோம் என்று எல்லாருக்கும் ஒரு வீம்பு.

வருட முடிவுக் கூட்டத்துக்கு அத்தானையும் கூப்பிட்டார்கள். துவைத்துத் தேய்த்த சட்டையோடு போனார், தேய்த்தது அக்கா. அங்கே நடந்ததை அவர் எத்தனை தடவை சொன்னாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார். சுவரில் மேப்பைப் பெரிதாகப் போட்டு, மேடம் அவரைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்.

"அண்ணா, இந்த அளவு சரிதானே? இதுல வேற எதுவும் மறைஞ்சு இல்லையே?"

"இல்ல மேடம். நானே கேபிளைப் பிடிச்சுப் பாத்துட்டேன். அந்த செக்‌ஷன் மொத்தமும் இழுக்குறது இவ்வளவுதான்."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாராம். உடனே பெரிய மேனேஜர், இவ்வளவு சின்ன வேலைக்குத் தனியாக ஒரு கூடமும் ஒரு பாய்லரும் எதற்கு என்று கேட்டிருக்கிறார். பாதி மேசை அணைந்தே கிடந்தும் வேலை குறையவில்லை என்பதும் உற்பத்திக் கணக்கில் இருந்தது. துணியைத் தொங்கவிட்டால் தானே தேய்த்து அனுப்புகிற ஒரு மெஷினைப் புதுக் கட்டடத்து மூலையில் போட்டால் போதும் என்றார்கள். ஐந்தாறு பேர் பார்த்துக்கொள்வார்கள், மிச்சப் பேருக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிடலாம் என்றார்கள். அத்தானுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து நின்று, வாழ்நாளில் யாரிடமும் சொல்லியிராததைச் சொல்லியிருக்கிறார்.

"ஏறும் மேடம். ஃபேனெல்லாம் கழட்டி வச்சிருக்கோம், மேசையை அணைச்சு வச்சிருக்கோம். இன்னும் நிறைய இழுக்கும் மேடம்."

யாரோ சிரித்துவிட்டார்களாம். மேடம் சிரிக்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். குறைக்கத்தானே அண்ணா இவ்வளவு பாடுபட்டீங்க என்று மெதுவாகச் சொன்னதாகச் சொல்வார். அதற்குமேல் அத்தானுக்குக் கதை வராது.

அந்த ஐந்தாறு பேரில் அக்கா இல்லை. கடைசி நாள் மெயினை அணைக்கச் சொன்னதும் அவரைத்தான். பெண்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள். அவரைத் திட்ட யாருக்கும் வாய் வரவில்லை. அன்றைக்காவது திட்டியிருக்கலாம். அக்கா தன் மேசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு எல்லாருக்கும் கடைசியாக வெளியே வந்தாள். அவர் லீவரைக் கீழே இறக்கினார். நான் புதுக் கட்டட வாசலில் டிவிக்கு எதிரே நின்றிருந்தேன். கட்டம் கொஞ்ச நேரம் பச்சையாக இருந்து, பிறகு சாம்பல் நிறமானது.

வருடத்தின் மிகப் பெரிய சேமிப்பு என்று எழுதி, டிவிக்குப் பக்கத்துப் பலகையில் அத்தானின் போட்டோவை ஒட்டியிருக்கிறார்கள். அவர் அந்த வாசலைத் தவிர்த்துப் பின்வழியாகப் போய்வருகிறார். எனக்கு வேறு வழி இல்லை. தினமும் அந்தப் போட்டோவைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு போகிறேன்.

நேற்று வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல புழுக்கம், மின்விசிறி ஓடவில்லை. ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. முன்கையில் தழும்பு இன்னும் கருப்பாக இருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினாள். வேறு ஏதேதோ கேட்டேன், அதற்கும் தலையைத்தான் ஆட்டினாள். பேக்கிங்கில் நடந்த ஒரு கூத்தைச் சொன்னேன். முன்பென்றால் மறுநாள் கூடத்தில் அதை வைத்தே அரைமணி நேரம் நடித்துக் காட்டியிருப்பாள்.

அத்தான் வேலையிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றியவர் அவளைப் பார்த்ததும் நேராகப் போய் மின்விசிறியைப் போட்டார். எனக்குத் தெரிந்து அவர் தானாக ஒரு சுவிட்சைப் போட்டது நேற்றுத்தான்.

"அணைச்சிடுங்க" என்றாள் அக்கா. "சிவப்பாயிடும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. அத்தான் சுவிட்சின் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றார். "ஓடட்டும்மா, வேர்க்குது பாரு" என்றார்.

அக்கா எழுந்து வந்தாள். அவர் கையை மெதுவாக விலக்கிவிட்டு, மின்விசிறியை அணைத்தாள். போகிற போக்கில் விளக்கையும் அணைத்துவிட்டு, போய்ப் பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.