காலிக் கட்டமும் இடம் பிடிக்கும்

இரண்டு கோடைக்கு முன்னால், ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அபுதாபி முசஃபாவில் நான் வேலை பார்க்கும் ஜெனரேட்டர் கம்பெனியில் நடந்தது இது. லிவாவைத் தாண்டியிருக்கும் பாலைவன சைட்டுகளுக்கு எங்கள் பிக்கப் வண்டிகள்தான் உதிரிபாகம் கொண்டுபோகும். எந்த வண்டி எங்கே இருக்கிறது என்று கவனிப்பது என் டியூட்டி.

கவனிக்க எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஆன்லைன் ஷீட். வண்டியில் பொருத்திய டிராக்கர் செயற்கைக்கோள் வழியாகத் தன் இடத்தை அனுப்பும். போன் சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் வந்துவிடும். சில நிமிடத்துக்கு ஒருமுறை ஷீட்டின் அடியில் தானாக ஒரு புது வரி சேரும். எனக்கு அந்த ஷீட்டின் மீது அப்படி ஒரு மரியாதை. வருடக்கணக்கில் எங்கள் அத்தனை வண்டிகளையும் முனகாமல் சுமந்த சாதனம் அது. போதாததற்கு லீவு விவரம், கேம்ப் ரூம் விவரம், டயர் மாற்றிய விவரம் என்று எல்லாவற்றையும் அதன் தலையிலேயே ஏற்றியிருந்தோம். மாதம் பிறந்தால் பழைய பக்கத்தை அப்படியே காப்பி எடுத்துப் புதுப் பக்கம் போடுவோம். எதையும் அழிக்கமாட்டோம். நாளைக்குத் தலைமை அலுவலகத்தில் கேட்டால் என்ன சொல்வது என்ற பயம்தான்.

எங்களில் ஒருவருக்கு மட்டும் இது ஆகாது. டாக்குமென்ட் கன்ட்ரோலராக இருந்த பெண், குளச்சல் பக்கத்துக்காரர். தன் ஃபைல்களில் காலியாகக் கிடக்கும் வரிசைகளைத் தேடித் தேடி வெட்டுவார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிடும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவரும் வாய் சளைத்தவரில்லை. உங்க வீட்டில் அரிசி இல்லாத டின்னையும் இப்படித்தான் அடுக்கி வைப்பீர்களா என்று கேட்பார்.

அன்று விடியும்போதே புதுக்கோட்டைக்காரத் தம்பி ஒருவர் தனியாக வண்டி எடுத்துக்கொண்டு லிவா பக்கம் கிளம்பியிருந்தார். வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பதினோரு மணிக்குள் சைட்டில் இருக்க வேண்டியவர், மதியமாகியும் போய்ச் சேரவில்லை என்று அங்கிருந்து போன் வந்தது. ஷீட்டைப் பார்த்தேன். வண்டி லிவா போகும் வழியில் மதினத் சாயித் பெட்ரோல் பங்க்கில் நிற்பதாகக் காட்டியது. ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்குகிறான் என்று மேனேஜர் சிரித்தார். எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் தம்பி போன் எடுக்கவில்லை. எதற்கும் கேட்போம் என்று அந்தப் பங்க்குக்கே போன் போட்டேன். எடுத்தவர் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பிக்கப் மாஃபி பாய், சுபா மே சலா கயா" என்றார். வண்டி இங்கே இல்லை, காலையிலேயே போய்விட்டது என்று அர்த்தம்.

வெளியே நாய்கூட நடமாடாத வெயில். அந்த வெயிலில், மணலில், ஒரு மனிதர் எங்கே இருக்கிறார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. டிராக்கர் கம்பெனிக்கு அடித்தால் விடுமுறை என்று பதிவு செய்த குரல் பேசியது. டிராக்கர் கெட்டுப்போயிருக்கும் என்றார் மேனேஜர். சைட்டிலிருந்து ஒரு வண்டியைப் பங்க்கை நோக்கி ரோட்டு வழியாகத் தேடி வரச் சொன்னோம்.

என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்ற குளச்சல்காரர் ஷீட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி ஷீட்டைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே யார்டில் எங்கள் இன்னொரு பிக்கப் சாமான் இறக்கிக்கொண்டு நின்றது. ஷீட்டிலோ அது இன்னமும் முசஃபா பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது.

"அண்ணா, வண்டி நிக்கல. ஷீட்டாக்கும் நிக்குது" என்றார்.

பார்த்தால் எல்லா வண்டிக்கும் கடைசி வரி ஒரே நேரத்தோடு நின்றிருந்தது. அவர் என் கீபோர்டை இழுத்து, அடியில் ஒரு வரி சேர்க்கப் பார்த்தார். ஒரு கோடிக் கட்டம் என்ற வரம்பு தாண்டுகிறது, இனி இடமில்லை என்று திரையில் அறிவிப்பு வந்தது. நாங்கள் எழுதியது ஒரு கோடி வருமா என்று எனக்கு நம்பிக்கையில்லை. எழுதாத கட்டமும் கணக்கில் சேரும் என்று அவர் சொன்னார். டிராக்கர் பக்கத்தில் நாங்கள் பயன்படுத்தியது இடது பக்கம் எட்டே எட்டு நெடுக்கு வரிசை. வலது பக்கம் பதினெட்டு வரிசை, மேலிருந்து கீழே லட்சக்கணக்கான வரிகளுக்கும், வெறுமையாகவே இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

மேனேஜர் பதறினார். தலைமை அலுவலகத்தில் கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது, ஞாயிறு கழியட்டும் என்றார். குளச்சல்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காலியா கெடக்கத மட்டுந்தான் எடுக்கேன் சார். ஏதாவது ஆனா எம் பேரச் சொல்லுங்க."

அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை என் வாழ்நாள் முழுக்கக் கையெடுத்துக் கும்பிடுவேன். வேலைக்கே உலை வைக்கக்கூடிய பேச்சு அது. பதினெட்டு வரிசையையும் தேர்ந்தெடுத்து அழித்தார். ஷீட் மூச்சுமுட்டி வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அடியில் ஒரு புது வரி வந்து விழுந்தது, அதற்குக் கீழே இன்னொன்று. புதுக்கோட்டைத் தம்பியின் வண்டி தார் ரோட்டை விட்டு விலகி, சைட்டுக்குக் குறுக்கு வழியாகப் போகும் மணல் தடத்தில் நின்றது. தேடிப் போன வண்டி அந்தப் பக்கமே போயிருக்காது. இடத்தைச் சொல்லித் திருப்பிவிட்டோம்.

அடுத்த போன் வருவதற்குள் நான் வேண்டாத தெய்வமில்லை. கிடைத்துவிட்டார் என்று சைட்டிலிருந்து சொன்னபோது மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குறுக்கு வழியில் சக்கரம் புதைந்து, இன்ஜினும் சூடேறி நின்றுபோய், வண்டியின் நிழலில் சுருண்டு கிடந்திருக்கிறார். தண்ணீர் தீர்ந்து ரொம்ப நேரமாகியிருந்தது. தார் ரோடு தூரத்தில் தெரியவும் செய்தது. அப்படித் தெரிகிற ரோட்டை நம்பி நடந்து பாதி வழியில் விழுந்தவர்களைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தோம். நடக்காமல் அங்கேயே இருந்தது எப்படி என்று கேட்டேன்.

"டிராக்கர்ல பச்சை லைட்டு மின்னிக்கிட்டே இருந்துச்சுண்ணே. ஆபீஸ்ல பாத்துக்கிட்டிருப்பீங்க, வந்துருவீங்கன்னு உக்காந்துட்டேன்" என்றார்.

குளச்சல்காரர் சட்டென்று எழுந்து, தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

இப்போது மாதத்துக்கு ஒரு புது ஃபைல், வேண்டிய அளவு கட்டம் மட்டும். அதெல்லாம் அவர் போட்ட சட்டம். வேலை முடிந்து கிளம்பும்போதும் ஒருமுறை கடைசி வரியின் நேரத்தைப் பார்க்காமல் என்னால் எழுந்திருக்க முடிவதில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நம்பி ஒருவர் எங்கோ வெயிலில் உட்கார்ந்திருக்கலாம்.