வெல்டிங் மெசினுக்குப் பூப்போட்டுப் பார்த்தது

எனக்கு எட்டு வயதிருக்கும்போது சாமி முன்னால் ஒரு திருட்டுத்தனம் செய்தேன். எத்தனையோ வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அது என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார், அவரும் போய்விட்டார்.

அப்பா தவறிய பிறகு அம்மாவும் நானும் பினாங்கில் மாமா வீட்டோடு வந்துவிட்டோம். மாமா அம்மாவுக்குத் தம்பி. கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் இரும்பு வேலை. சாமி பெயரைச் சொல்லாமல் சட்டைப் பித்தான்கூடப் போடமாட்டார். அது ரப்பரும் ஈயமும் விலை விழுந்து கிடந்த காலம். பட்டறையில் ஆட்களைக் குறைத்தார்கள், மாமாவும் வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் தெருவில் அடிக்கடி யாராவது தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினார்கள். மாமா ஏறினால் நாங்களும் ஏற வேண்டியதுதான். ஏறி எங்கே போய் இறங்குவது? ஊரில் எங்களுக்கென்று ஒரு கூரைகூடக் கிடையாது.

மாமிதான் வழி சொன்னாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மாமா முன்னால் வைத்தாள்.

"சொந்தமா ஒரு வெல்டிங் மெசின் வாங்குங்க. புதுசு வாங்க இப்ப யாருகிட்ட காசு இருக்கு? உடைஞ்சதை ஒட்டத்தான் வருவாங்க."

"நான் இரும்பு அடிச்சவன்லா. ஒட்டினதில்லையே."

"அடிக்க மட்டும் பொறக்கும்போதே தெரியுமா?"

மாமா என்னையும் கூட்டிக்கொண்டு இரண்டு மெசின் பார்த்தார். ஒன்று சூலியா தெருவுக்குப் பின்னால் பழைய இரும்புக் கடையில் இருந்த கேஸ் மெசின். கார்பைடு கல்லைத் தண்ணீரில் போட்டால் நாறும் கேஸ் கிளம்பும், அதைக் கொளுத்தி இரும்பை உருக்க வேண்டும். அந்த நாற்றம் தாங்காமல் கடை வாசலிலேயே வாந்தி எடுத்தேன். மற்றொன்று கரண்டு மெசின். ஈப்போ பக்கம் ஒரு ஈயச் சுரங்கத்தை மூடியபோது, அங்கே வெல்டிங் வேலை பார்த்த சீனர் கூலி பாக்கிக்காக அதை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். சொந்தமாக எஞ்சின் இருந்தது, பச்சைப் பெயிண்டு அடித்து, கோயில் தேர்போல அழகாக நின்றது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். கேஸ் என்றால் பழகுவது எளிது என்றார்கள். கரண்டு என்றால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் கை படிய நாளாகும் என்றார்கள். மாமாவுக்கு நான்கு நாள் தூக்கமில்லை.

"நம்மகிட்ட இருக்கிறது ஒரு சங்கிலி. ரெண்டாவது தடவை தப்பு பண்ண முடியாது. சாமி எதைக் காட்டுதோ அதுதான்லா," என்று முடித்துவிட்டார்.

கேஸ் மெசினுக்கு வெள்ளைப் பூ, கரண்டு மெசினுக்குச் சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியே வெற்றிலையில் மடித்துக் கட்டி முருகன் படத்தின் முன்னால் போட வேண்டும், சூதுவாது தெரியாத குழந்தை ஒன்று எடுக்க வேண்டும். அந்தக் குழந்தை நான். வழக்கமாக இரண்டுக்கும் அரளிதான் வைப்பார்கள். அன்றைக்கு வெள்ளை அரளி கிடைக்காமல் மாமி தலையில் இருந்த மல்லிகையிலிருந்து நான்கைந்து மொட்டுக் கிள்ளி வைத்துவிட்டாள். நான் கண்ணை மூடிக் குனிந்தேன். இடது பக்கப் பொட்டலத்திலிருந்து மல்லிகை வாசம் வந்தது. எனக்கு அந்த நாற்றம் பிடித்த மெசின் வேண்டாம். வலது பக்கத்தை எடுத்தேன்.

மாமா பிரித்தார். சிவப்பு அரளி. அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அப்புறம் என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது எனக்குச் சுட்டதுபோல் இருந்தது.

மெசின் வந்தது. சீனர் பின்கட்டுக் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு மாமாவுக்கு இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார். கரண்டு பாயும் வெல்டிங் குச்சி இரும்பில் பட்டால் ஒட்டிக்கொண்டது, விலக்கினால் அணைந்தது. ஒட்டிய இடமெல்லாம் புறா எச்சம்போலப் பொட்டுப் பொட்டாக விழுந்தது. கறுப்புக் கண்ணாடி வைத்த தகர முகமூடி ஒன்றும் கொடுத்து, "ஜாங்கான் தெங்கோ," பார்க்காதே என்று சீனர் பலமுறை மலாயில் சொன்னாராம். தொழில் ரகசியத்தை நாலு பேர் பார்த்துவிடக் கூடாதென்று சொல்கிறார் என்றே மாமா எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை சொந்தமாக முதல் நெருப்பு. மெசினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. கற்பூரம் காட்டியாயிற்று. கொட்டகைக் கதவைத் திறந்து எங்கள் எல்லாரையும் உள்ளே நிறுத்தினார்.

"முகமூடியைப் போட்டுக்கய்யா," என்றாள் அம்மா.

"சாமியைப் பார்க்கும்போது மூஞ்சிய மூடிக்கிறதாக்கா? இன்னிக்கு மட்டும் திறந்தே பார்த்துக்கிறேன்."

எஞ்சின் அதிர்ந்தது. குச்சி இரும்பைத் தொட்டதும் நீலமாக ஒரு வெளிச்சம் எழுந்தது. சூரியனை உருண்டையாகப் பிடித்துக் கொட்டகைக்குள் வைத்ததுபோல் இருந்தது. அதற்கு முன்னால் பார்த்த கற்பூரமெல்லாம் மின்மினி. அம்மாவும் மாமியும் கைகூப்பினார்கள், நானும் கூப்பினேன். அந்தக் குச்சி கரைந்து தீரும்வரை நாலு பேரும் வைத்த கண் வாங்காமல் பார்த்தோம். தூர நின்றபடியே வெளிச்சத்தை உள்ளங்கையில் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். மாமா இரண்டாவது குச்சியும் போட்டார்.

பொழுது சாயும்போது கண்ணுக்குள் மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. முதலில் எனக்கு, பிறகு எல்லாருக்கும். விடிந்தபோது வீட்டில் ஒருவராலும் கண் திறக்க முடியவில்லை. இமை வீங்கி நீர் கொட்டியது, வெளிச்சம் பட்டால் ஊசி குத்தியது. மாமி சுவரைத் தடவிக்கொண்டே போய் வாசலில் வேப்பிலை செருகினாள். மாரியம்மா வந்து இறங்கிவிட்டாள் என்று பக்கத்து வீட்டார் வாசலிலேயே கஞ்சியை வைத்துவிட்டுப் போனார்கள். குருடாகிவிட்டோம் என்று நான் நினைத்தேன். என் திருட்டுக்குத்தான் இந்தத் தண்டனை என்பதில் சந்தேகமே இல்லை. எனக்கு மட்டும் வந்திருந்தால் சரி. ஒரு பாவமும் செய்யாத மூன்று பேருக்கு எதற்கு?

பக்கத்துப் பாயில் மாமா சொல்லிக்கொண்டிருந்தார். "கண்ணு போச்சுன்னாலும் பரவாயில்லக்கா. மெசினைக் காட்டினது சாமி. அதுவே ஒரு கரையில கொண்டுபோய்ச் சேர்க்கும்."

அதைக் கேட்டு நான் பாயைக் கடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கண் கொஞ்சம் திறந்தது. எப்படி இருக்கிறோம் என்று பார்க்கச் சீனர் வந்தார். நாங்கள் கும்பிட்ட கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார், பிறகு சிரித்தார். அது வெறும் நெருப்பு, பார்த்தால் கண் வேகும், இரண்டு நாளில் ஆறிவிடும், எல்லா வெல்டருக்கும் ஒருமுறை வரும், ஆனால் குடும்பத்தோடு வந்து இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். உருளைக்கிழங்கைச் சீவிக் கண்ணில் வைக்கச் சொன்னார். மாமி வேப்பிலையைக் கழற்றினாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாகூடச் சிரித்தாள்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இது தண்டனை இல்லையென்றால் என் தண்டனை இனிமேல்தானே வரும்? அது யார் தலையில் விழுமோ? மறுநாள் காலை மாமா கொட்டகைக்குப் போனபோது பின்னாலேயே போய் அவர் வேட்டியைப் பிடித்தேன்.

"மாமா, நான் மோந்து பார்த்துட்டுத்தான் எடுத்தேன்."

"எதை பாப்பா?"

"பூவை. ஒண்ணுல மல்லி வாசம் வந்துச்சு. எனக்கு அந்த நாத்தம் பிடிச்ச மெசின் வேணாம். அதான் மத்ததை எடுத்தேன்."

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது மாமாவின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனேன். பட்டறையில் வேலை போன அன்றுகூட அப்படி அவர் முகத்தைப் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார், மெசினைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். மாமியின் குரல் அடுக்களையில் கேட்டது.

"யார்கிட்டயாச்சும் சொன்னியா?" என்றார், ரொம்ப மெதுவாக.

"இல்ல மாமா."

"சொல்லாதே. உங்க மாமிகிட்டகூட வேணாம். சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ போய் விளையாடு."

அவ்வளவுதான். இத்தனை நாள் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது சட்டென்று இறங்கிவிட்டது. ஓட வேண்டும்போல் இருந்தது. வாசற்படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். மாமா முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். எஞ்சினை இன்னும் முடுக்கவில்லை, குச்சியும் கையில் இல்லை. இரண்டு கையையும் தொங்கவிட்டு, முகமூடிக்குள் அப்படியே அசையாமல் வெகுநேரம் நின்றார்.

நான் அடுக்களைக்கு ஓடி, மாமாவுக்குப் புத்தி வந்துவிட்டது, இப்போது மெசின் ஓடுவதற்கு முன்னாலேயே முகத்தை மூடிக்கொள்கிறார் என்று மாமியிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.