ஆரிட்டக் கேட்டது?

"ஆர் கேட்டது? ஆரிட்டக் கேட்டது? என்னெண்டு கேட்டது?"

சிவபாதசுந்தரம் பேப்பருக்குப் பின்னால் இருந்தபடி இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் தேத்தண்ணீரில் வாய் வைப்பார். மூன்றாவது கேள்வியில் குரல் மூக்குக்கு ஏறும். அந்த ஏற்றம் பிடிபட்டால் அவரைப் போலக் கதைப்பது சுலபம். ஒருநாள் நான் செய்துகாட்டியதை அவரே கேட்டுவிட்டு, "மூக்குக் காணாது தம்பி, இன்னும் ஏத்து" என்று திருத்தினார்.

கப்பல் கம்பனியில் கிளார்க். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்கட்டடத்தில் குடியிருக்கிறார். 'ஆய்வு' என்ற சொல்லைப் பேப்பரில் கண்டால் சிவப்புப் பேனையை எடுத்துவிடுவார். சேர்ந்திருந்து தேத்தண்ணீர் குடிக்கும் தம்பதிகள் குறைவாகச் சண்டை பிடிக்கிறார்கள் என்று ஒருமுறை செய்தி வந்தது.

"சண்டை பிடிச்சவன் சேர்ந்திருந்து குடிப்பானே? கோவத்தில கடைக்குப் போய்க் குடிச்சிருப்பான். தேத்தண்ணியில என்ன கிடக்கு?"

"அப்ப நீங்களும் இனிக் கடையில குடியுங்கோ" என்றார் மனைவி இரத்தினம்மா.

இன்னொருமுறை, இளைஞர்களுக்கு வேலையில் நாட்டமில்லை என்று வந்தது. கொள்ளுப்பிட்டித் தியேட்டர் வாசலில் கேட்டார்களாம். "மத்தியானம் படம் பாக்க வந்தவனிட்டக் கேட்டா வேறென்ன சொல்லுவான்?"

இந்த வருடம் மகள் கௌரிக்கு ஏ.எல். பரீட்சை. போரில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி வந்ததில் அவளுடைய கணிதம் பாதியில் நிற்கிறது. காசில்லாமல் படிப்பிக்க ஒரு வாத்தியார் கிடைத்தார். வகுப்பு வைக்க இடந்தான் இல்லை. காலி வீதியில் புடவைக்கடை வைத்திருக்கும் ஸவாஹிர் ஹாஜியார் கடையின் மேல்மாடியைத் தருகிறேன் என்றார். போன மாதம் பின்வாங்கினார்.

"பேப்பரப் பாருங்க தொரை. வெள்ளவத்தையில பத்து வீட்டுல எட்டு வீடு வெளிநாடு போற வீடாம். படிக்கிற புள்ளைகளே கொஞ்சமாம். ஆளில்லாத கிளாசுக்கு மாடிய ஏன் சும்மா வெக்கணும்? டெலிபோன் கடை போட ஒருத்தன் கேட்டுட்டு ஈக்கிறான்."

பேப்பரும் கையுமாக வீட்டுக்கு வந்த சிவபாதசுந்தரம் சேர்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எந்த மடையன் செய்த ஆய்வு இது? இந்தக் கட்டடத்திலயே எத்தினை பிள்ளையள் படிக்குதுகள். ஆர் கேட்டது? ஆரிட்டக் கேட்டது?"

"உங்களிட்டத்தான்" என்றார் இரத்தினம்மா குசினியிலிருந்து.

சிவப்புப் பேனை நின்றது.

"மட்டையும் பேனையுமா ஒரு பிள்ளை வந்தவவெல்லே. பிள்ளையள் ஒருத்தரும் இல்லை, விசா வந்தோடன கனடா எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். கௌரி பாத்றூமுக்குள்ள நிண்டவள்."

"அது பொலிஸ் பதிவெண்டு நினைச்சன்."

"கீழ்வீட்டு நேசமும் அப்பிடித்தான் நினைச்சவ. ரெண்டு பெடியளையும் கட்டிலுக்குக் கீழ தள்ளிப்போட்டுத் தான் தனிக்கட்டை எண்டவ."

கையில் காகிதத்தோடு யார் கதவைத் தட்டினாலும் இங்கே எல்லா வீட்டுக்கும் ஒரே பதில்தான்: இளசுகள் இல்லை, நாங்களும் போகிற ஆட்கள். இளவயதுத் தமிழ்ப் பெயர் ஒன்று எங்கேயாவது பதிவானால், அடுத்த சுற்றிவளைப்பில் பொலிசும் ஆமியும் அந்தப் பெயரைத் தேடி வருவார்கள் என்ற பயம். ஆய்வுக்கு வந்த பிள்ளை சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு போயிருக்கிறாள்.

சிவபாதசுந்தரம் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டி, படிக்கிற பிள்ளைகளை நாளைக்கு ஹாஜியார் கடைக்கு அனுப்பும்படி கேட்டார். தினமும் காண்கிற நேசமே, "பெடியள் இல்லை அண்ணை" என்று தொடங்கிவிட்டுத்தான் நாக்கைக் கடித்தார்.

மறுநாள் பின்னேரம் ஹாஜியார் கடை வாசலில் பிள்ளைகள் நடைபாதை நிறைய நின்றார்கள். எதிர்ப்பக்கம் ஆமிக் காவலரண், சென்றிப் பொயின்ற். மண்மூட்டைக்குப் பின்னாலிருந்த ஆமிக்காரன் எழுந்து நின்று பார்த்தான்.

ஹாஜியார் வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "இத்தினை பேரா? இதுல ஒங்கட புள்ள எது தொரை?"

கௌரி வழக்கம்போலத் தகப்பனின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். சிவபாதசுந்தரம் வீதிக்கு அப்பால் ஒருமுறை பார்த்தார். பிறகு கையைப் பின்னால் விட்டு, அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துத் தனக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.